கம்பாத் அகேட் தொழில்: கல்லை உடைத்து, உருட்டி, மெருகேற்றிய வரலாறு

கம்பாத் என்பது குஜராத் மாநிலம் ஆனந்த் மாவட்டத்தில், அதே பெயர் கொண்ட வளைகுடாவின் தலைப்பகுதியில் அமைந்த பழைய துறைமுக நகரம். ஆங்கிலேயர் காலத்து நூல்களில் இந்நகர் காம்பே என்று குறிக்கப்படும். ஒரு காலத்தில் அரபு நாடுகளுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் கப்பல்கள் புறப்பட்ட இத்துறைமுகம் வண்டல் படிந்து தூர்ந்துபோயிற்று. கப்பல்கள் நின்ற பிறகும் நகரை விட்டுப் போகாத தொழில் ஒன்று உண்டு. அகேட், சூதுபவளம் போன்ற கடினமான கற்களை உடைத்து, வடிவம் கொடுத்து, உருட்டி மெருகேற்றி மணிகளாக்கும் தொழிலே அது.

இத்தொழிலின் பெரும்பகுதி ஆலைகளில் நடப்பதில்லை. வீட்டு முற்றத்திலும் திண்ணையிலும் தெருவோரக் கொட்டகையிலும் நடக்கிறது. கணவன் கல்லை உடைப்பார், மனைவி தேய்ப்பார், பிள்ளைகள் மணிகளைக் கோப்பார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் செந்நிற மணிமாலையைப் பார்க்கும் மாணவர் அதன் அழகையும் பழமையையும் அறிவார். அந்த மணி எவ்வாறு உடைக்கப்பட்டது, உடைத்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பெயர்ப்பலகை சொல்வதில்லை. இக்கட்டுரை அவ்விரண்டையும் சேர்த்துப் பேசுகிறது.

கல்லை ஏன் உடைக்க வேண்டும்?

ஆற்றுப்படுகையில் கிடக்கும் கூழாங்கல்லை வழவழப்பாக்கியது ஆறே. வெள்ளம் கற்களை உருட்டுகிறது. கற்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. இடையில் சிக்கிய மணல் அவற்றின் முனைகளைத் தேய்க்கிறது. மனிதன் செய்யும் உருட்டு மெருகும் இதே முறைதான். ஒரு பையிலோ உருளையிலோ கற்களையும் தேய்ப்புப் பொடியையும் நீரையும் இட்டு நாள்கணக்கில் உருட்டினால், ஆறு பல்லாண்டுகளில் செய்வதைச் சில வாரங்களில் செய்துவிடலாம்.

ஆனால் உருளும் கலத்துக்கு ஏற்ற அளவில் கல் இருக்க வேண்டும். பெரிய கல் தனியே கிடந்து மோதுமே தவிர உருளாது. சிறியனவும் நடுத்தரமானவையும் கலந்திருந்தால்தான் உரசல் எல்லாப் பக்கமும் சீராக நடக்கும். ஆகவே மெருகேற்றும் வேலையின் முதற்படி உடைப்பதே.

அகேட்டை உடைப்பது எளிதன்று. 1812இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரடெரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்சின் எண் 7. நம் ஊர்களில் வெங்கச்சங்கல் என்று சொல்லப்படுவதும் குவார்ட்சுதான். அகேட்டும் சூதுபவளமும் அதே குவார்ட்சின் மிக நுண்ணிய படிகங்களால் ஆனவை. சாதாரண எஃகுக் கத்தியால் இவற்றில் கீறல்கூடப் போட முடியாது. அடித்தால் இவை மரக்கட்டை போல நேராகப் பிளப்பதில்லை; சிப்பியின் உட்புறம் போல வளைந்த முகத்தோடு, கத்திக்கு நிகரான கூர்விளிம்போடு உடைகின்றன. கண்டபடி அடித்தால் கல்லின் உள்ளே விரிசல் ஓடிவிடும். அந்த விரிசல் மெருகேற்றும்போது வெளிப்பட்டு, அதுவரை செய்த உழைப்பை வீணாக்கும். எனவே வலிமையைவிட, எங்கே அடித்தால் எங்கே பெயரும் என்ற அறிவே இத்தொழிலுக்கு முதன்மையானது.

கல் கிடைக்கும் இடம்

மேற்கு இந்தியாவில் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருமளவில் எரிமலைக் குழம்பு பரவி இறுகியது. தக்காணத்தின் கரும்பாறை அடுக்குகள் அவ்வாறு உருவானவை. குழம்பு இறுகியபோது வாயுக்குமிழிகள் இருந்த இடங்கள் பொந்துகளாயின. சிலிக்கா கரைந்த நீர் அப்பொந்துகளில் ஊறி, அடுக்கடுக்காகப் படிந்து அகேட் உருண்டைகளை உண்டாக்கியது. பாறை சிதைந்தபோதும் கடினமான அகேட் சிதையவில்லை. ஆறுகள் அவற்றை அடித்துச் சென்று சரளைப் படிவுகளில் சேர்த்தன.

கம்பாத்துக்குக் கல் தந்த இடங்களுள் புகழ்பெற்றது, நர்மதை ஆற்றுக்குத் தெற்கே பரூச் மாவட்டத்தில் உள்ள ரத்தன்பூர். இங்குச் சரளை அடுக்கை எட்டும்வரை குழி தோண்டி, பக்கவாட்டில் குறுகிய சுரங்கம் குடைந்து உருண்டைகளை எடுத்தனர். தோண்டியவர்களில் பெரும்பாலோர் பீல் பழங்குடியினர். எடுத்த உருண்டையின் ஓரத்தில் சிறு சில்லைப் பெயர்த்து உள்ளிருக்கும் நிறத்தையும் தரத்தையும் பார்த்த பிறகே வணிகரிடம் கொடுத்தனர்.

ரத்தன்பூர்க் குன்றின்மேல் பாவா கோர் என்னும் இசுலாமியப் பெரியாரின் அடக்கத்தலம் உள்ளது. ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் அவரைப் பெரிதும் போற்றுகின்றனர். அகேட் வணிகத்துக்கு வழிவகுத்தவர் அவரே என்பது மரபு. கடல்கடந்த வணிகத்தின் நினைவு இவ்வாறு வழிபாட்டிலும் தங்கியிருக்கிறது.

சிந்துவெளிக் காலத்து மணிப்பட்டறைகள்

கம்பாத்துக்கு வடமேற்கே, வளைகுடாவின் அதே தலைப்பகுதியில் லோத்தல் உள்ளது. 1955இல் எஸ். ஆர். ராவ் தலைமையில் இங்கு அகழாய்வு தொடங்கியது. சிந்துவெளி நாகரிகத்தைச் சேர்ந்த இவ்வூரில் மணி செய்யும் பட்டறையும், கல்லைச் சூடேற்றும் சூளையும், முடிந்தும் முடியாமலும் கிடந்த மணிகளும் வெளிப்பட்டன. அதற்கு முன்பே 1935-36இல் எர்னஸ்ட் மக்கே சிந்துப் பகுதியின் சான்குதாரோவில் மணிப்பட்டறைகளையும் துளையிடும் கருவிகளையும் கண்டெடுத்திருந்தார்.

மெசபடோமியாவில் ஊர் என்ற பெயருடைய சுமேரிய நகரம் ஒன்று உண்டு. 1922 முதல் 1934 வரை அங்கு அகழாய்வு நடத்திய லியோனார்டு வூலி, அரச கல்லறைகளில் நீண்ட சூதுபவள மணிகளைக் கண்டார். அவை சிந்துவெளிக் கைத்திறனைச் சேர்ந்தவை. இவ்வகை மணிகளில் சில 10 செ.மீ.க்கும் மேல் நீளமானவை. அவ்வளவு நீளமான கல்லின் நடுவே இரு முனைகளிலிருந்தும் துளையிட்டு நடுவில் சந்திக்க வைத்திருக்கிறார்கள்.

இந்தத் திறனைப் புரிந்துகொள்ள ஆய்வாளர்கள் நூல்களை மட்டும் நம்பவில்லை; கம்பாத் கைவினைஞர்களிடம் போனார்கள். அமெரிக்காவின் மார்க் கெனோயர், இத்தாலியின் மாசிமோ விடாலே, பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் குல்தீப் பான் ஆகியோர் 1989 முதல் கம்பாத்தில் கல் உடைபடும் முறை, வீட்டில் சில்லுகள் குவியும் இடம், வேலை பிரித்துக்கொள்ளப்படும் விதம் ஆகியவற்றைப் பதிவு செய்தனர். சிந்துவெளித் துளைக்கருவியின் கல்லுக்கு மக்கேயின் நினைவாக எர்னஸ்டைட் என்று பெயரிடப்பட்டது. அக்கருவியைக் கொண்டு செய்த சோதனையில், ஒரு மணி நேரத்தில் சூதுபவளத்தில் சுமார் 2.5 மி.மீ. ஆழமே துளையிட முடிந்தது. அப்படியானால் 10 செ.மீ. மணி ஒன்றுக்குத் துளையிட மட்டும் 40 மணி நேரம் தேவைப்படும்.

நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தொழிலை அறிய இன்றைய தொழிலாளியின் கை உதவியது என்பதை மாணவர்கள் இங்குக் கவனிக்க வேண்டும். கம்பாத் கைவினைஞர் அறிவியலுக்கு ஆசிரியராக இருந்திருக்கிறார்.

கடல்வழி வணிகமும் தமிழகமும்

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்னும் கடல்வழிக் கையேடு, பாரிகாசா துறைமுகத்திலிருந்து அகேட் வகைக் கற்கள் ஏற்றுமதியானதைச் சொல்கிறது. பாரிகாசா என்பது இன்றைய பரூச். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் இருந்த போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசா, குஜராத்தில் சூதுபவளம் வெட்டி எடுக்கப்படுவதையும், அது நெருப்பில் சிவப்பாக்கப்படுவதையும், கம்பாத்தில் மணிகளாகவும் பிற அணிகளாகவும் ஆவதையும் எழுதியிருக்கிறார். அம்மணிகள் செங்கடல் கரைக்கும் கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்கும் சென்றன.

தமிழகத்துக்கும் இக்கல்லோடு தொடர்பு உண்டு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் என்று கருதப்படுகிறது. 1985 முதல் அங்கு நடந்த அகழாய்வுகளில் மூலக்கற்களும் பாதி வேலை முடிந்த மணிகளும் முழு மணிகளும் கிடைத்தன. பச்சைக்கல்லும் பளிங்கும் கொங்குப் பகுதியிலேயே கிடைப்பவை. சூதுபவளமும் அகேட்டும் மேற்கு இந்தியாவிலிருந்து வந்தவை என்பது தொல்லியலாளர் கருத்து. கீழடியிலும் சூதுபவள மணிகள் கிடைத்துள்ளன. தக்காணத்துச் சரளையில் கிடந்த கல், சங்ககாலத் தமிழரின் கழுத்திலும் கிடந்திருக்கிறது.

முதலில் வெயிலும் நெருப்பும்

கம்பாத் முறையில் உடைப்பதற்கு முன்பே கல்லுக்குச் சூடேற்றப்படுகிறது. உருண்டைகளை முதலில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் வெயிலில் காயவைத்து, அவ்வப்போது புரட்டிப் போடுவார்கள். கல்லுக்குள் இருக்கும் ஈரம் மெல்ல வெளியேற வேண்டும் என்பதே நோக்கம். பிறகு கற்களை மண்சட்டிகளில் வைத்து, வறட்டியும் சாம்பலும் கொண்டு இரவு முழுவதும் மூட்டம் போடுவார்கள். மெல்லச் சூடேறி, மெல்ல ஆற வேண்டும். ஈரமுள்ள கல்லைச் சட்டென்று நெருப்பிலிட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, கல் வெடித்துச் சிதறும்.

இச்சூட்டினால் இரண்டு நன்மைகள் கிடைக்கின்றன. மஞ்சளும் பழுப்புமாக இருக்கும் கல்லில் நீர் கலந்த இரும்புச் சேர்மம் உள்ளது. சூட்டில் அந்நீர் நீங்க, அது செந்நிற இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. சூதுபவளத்தின் சிவப்பு பெரும்பாலும் இவ்வாறு வருவதே. இரண்டாவதாக, சூடேறிய கல் சில்லு பெயர்க்க எளிதாகிறது. நிறத்துக்காக ஒரு முறை மட்டுமன்றி, வேலையின் இடையிலும் மீண்டும் சூடேற்றுவதுண்டு.

உடைக்கும் முறை

கம்பாத் கைவினைஞரின் உடைப்பு முறை உலகத் தொல்லியலாளர் பலரின் கவனத்தை ஈர்த்தது. நாம் வழக்கமாகக் கல்லைத் தரையில் வைத்து, மேலிருந்து சுத்தியலால் அடிப்போம். அங்கு நடப்பது அதற்கு எதிரானது.

கைவினைஞர் தரையில் அமர்கிறார். எதிரே கூர்முனையுள்ள இரும்புக் கம்பி சற்றுச் சாய்வாகத் தரையில் ஊன்றப்பட்டிருக்கிறது. ஒரு கையால் கல்லைப் பிடித்து, எந்த இடத்தில் சில்லு பெயர வேண்டுமோ அந்த இடத்தைக் கம்பியின் முனைமீது பொருத்துகிறார். மறு கையில் உள்ள சுத்தியலால் கல்லின் எதிர்ப்பக்கத்தில் தட்டுகிறார். சுத்தியலின் தலை இரும்பு அன்று, எருமைக் கொம்பு. பிடியோ மெல்லிய, வளையும் குச்சி. தட்டியதும் கம்பி முனை தொட்டிருந்த இடத்தில் சில்லு தெறிக்கிறது.

இதன் அறிவியல் எளிது. இரும்புச் சுத்தியல் நேரே பட்டால் அந்த இடம் நொறுங்கும். விசை பல திசைகளில் ஓடி விரிசல் விழும். கொம்பு மென்மையானது, அடியை நொறுக்காமல் கல்லுக்குள் செலுத்துகிறது. எதிர்ப்புறத்தில் இரும்பு முனை ஒரே புள்ளியில் எதிர்விசை தருகிறது. அப்புள்ளியிலிருந்து பிளவு புறப்படுகிறது. முதலில் பெரிய கொம்புச் சுத்தியல், வடிவம் நெருங்க நெருங்கச் சிறியது என வரிசை உண்டு. கல்லைப் பிடித்த விரல்களே கோணத்தை அளக்கும் கருவி. சிறுவயதில் தொடங்கிப் பல ஆண்டுகள் பழகினால்தான் கை படியும்.

தேய்த்தலும் உருட்டலும்

சில்லு பெயர்த்து உருவம் பெற்ற மணியின் மேற்பரப்பு மேடுபள்ளமாக இருக்கும். அதைச் சாணையில் தேய்த்துச் சமமாக்க வேண்டும். பழைய முறையில் அரக்கோடு குருந்தக்கல் பொடி கலந்து செய்த சாணைகள் கையால் இயக்கப்பட்டன. துளையிட, முனையில் நுண்ணிய வைரத்துகள்கள் பதித்த ஊசியை வில்லால் சுழற்றினர்; துளையிடும் இடத்தில் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

மெருகேற்றத் தோல்பை பயன்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பம்பாய் மாகாண கெசட்டியர் இதை விவரிக்கிறது. மணிகளையும் குருந்தக்கல் பொடியையும் அகேட் தூளையும் நீரையும் வலுவான தோல்பையில் இட்டு வாயைக் கட்டுவார்கள். பையைச் சுற்றி வார் ஒன்று செல்லும். அறையின் இரு முனைகளிலும் இருவர் அமர்ந்து, அந்த வாரை மாறி மாறி இழுத்துப் பையை உருட்டுவார்கள். பத்துப் பதினைந்து நாள்கள் இவ்வேலை தொடரும். பை உலராமல் அவ்வப்போது நீர் சேர்க்கப்படும். இறுதியில் மணிகள் ஒளியோடு வெளிவரும். இன்று உலகெங்கும் விற்கப்படும் மின் உருளைக்கு இந்தத் தோல்பை மூத்த உறவு எனலாம்.

இந்த உருட்டலில் தூசி பறப்பதில்லை. எல்லாம் நீருக்குள், பைக்குள் நடந்து முடிகிறது. பின்னர் வந்ததைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி முக்கியமானது.

ஜெர்மனியின் போட்டி

அகேட்டுக்குப் பெயர்பெற்ற மற்றோர் இடம் ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன். ஆற்றுநீரால் சுழலும் பெரிய மணற்கல் சக்கரங்களில் அங்குக் கல் தேய்த்தனர். தொழிலாளர் ஒரு தாழ்ந்த கட்டையின்மேல் குப்புறப் படுத்து, உடல் பாரம் முழுவதையும் கொடுத்துக் கல்லைச் சக்கரத்தோடு அழுத்துவார்கள். உள்ளூர்க் கல் தீர்ந்துவந்த நேரத்தில், அவ்வூரிலிருந்து பிரேசிலுக்குக் குடியேறியவர்கள் 1827இல் அங்கு அகேட் வளத்தைக் கண்டனர். 1834இலிருந்து பிரேசில் கல் கப்பலில் வரத் தொடங்கியது. கம்பாத் மணிகளுக்குச் சந்தையாக இருந்த ஆப்பிரிக்காவுக்கு ஜெர்மானிய மணிகள் பெருமளவில் போயின.

சக்கரம் நீரில் நனைந்தே சுழன்றது. ஆயினும் மணற்கல்லும் அகேட்டும் ஒருங்கே தேய்ந்ததாலும், ஈரமும் குளிரும் நிறைந்த அறையில் மார்பை அழுத்தியபடி நெடுநேரம் கிடந்ததாலும் இடார் தொழிலாளரிடையே நுரையீரல் நோய் பரவலாக இருந்தது. ஆகவே இத்தொழிலின் ஆபத்து ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கல்லைத் தேய்த்த இடத்திலெல்லாம் அது இருந்தது.

மின்சாரம் வந்த பிறகு

20ஆம் நூற்றாண்டில் மின்சாரம் கம்பாத் வீடுகளுக்கு வந்தது. தோல்பையின் இடத்தை மின்மோட்டார் சுழற்றும் உருளை எடுத்துக்கொண்டது. இது நல்ல மாற்றம். இருவர் பல நாள்கள் இழுத்த வேலையை இயந்திரம் செய்தது. நீரும் உள்ளேயே இருந்தது.

சாணையில் வந்த மாற்றம் வேறு வகையானது. கையால் மெல்லச் சுழன்ற சாணைக்குப் பதில், மோட்டாரில் அதிவேகமாகச் சுழலும் சக்கரம் வந்தது. அதில் கல்லை உலர்ந்த நிலையிலேயே தேய்த்தனர். கூலி மணிக்கணக்கில் இல்லை, துண்டுக் கணக்கில். எத்தனை கல் முடிகிறதோ அத்தனைக்குக் காசு. உலர்ந்த சக்கரத்தில் வேலை வேகமாக ஓடியது. வெண்புழுதி அறையை நிறைத்தது. தேய்ப்பவர் முகத்திலும் சமையல் பாத்திரத்திலும் தொட்டிலிலும் அதுவே படிந்தது.

குவார்ட்சுத் தூசியில் கண்ணுக்குத் தெரிவது பெரிய துகள். அது மூக்கிலும் தொண்டையிலும் தங்கித் தும்மலோடும் சளியோடும் வெளியேறிவிடும். கண்ணுக்குத் தெரியாத, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான துகளே நுரையீரலின் காற்றறைகள் வரை போகிறது. அங்கு அதை விழுங்கும் வெள்ளணுக்கள் இறக்கின்றன. அந்த இடம் தழும்பாகிறது. தழும்பு பெருகப் பெருக நுரையீரல் விரியும் தன்மையை இழக்கிறது. இதுவே சிலிக்கோசிஸ். இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வேலையை விட்ட பின்னும் நோய் முற்றலாம். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் தொற்றும். 1997இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, படிகச் சிலிக்காத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

இவ்வாபத்து புதிதாக அறியப்பட்டதும் அன்று. 1556இல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்கவியல் நூல், கார்பேத்திய மலைச் சுரங்கப் பகுதியில் தூசி நோய்க்கு ஒருவர் பின் ஒருவராக ஏழு கணவரை இழந்த பெண்கள் இருந்ததைக் குறிப்பிடுகிறது. 1700இல் தொழில்நோய்கள் பற்றி நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமாசினி, கல்தச்சர்களின் நுரையீரல் நோயைப் பற்றியும் எழுதினார். கம்பாத் வீடுகளில் மின்சாணை சுழலத் தொடங்கியபோது உலகம் இதை நன்றாகவே அறிந்திருந்தது. அறிவு நூலில் இருந்தது. சாணை முன் அமர்ந்தவரிடம் போய்ச் சேரவில்லை.

வாசலில் நின்ற சட்டம்

அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் கம்பாத் தொழிலாளரிடையே ஆய்வுகள் நடத்தி, சிலிக்கோசிஸும் காசநோயும் பரவியிருப்பதைப் பதிவு செய்தது. சாணையருகே எழும் தூசியை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு ஒன்றையும் உருவாக்கியது.

சட்டமும் இல்லாமலில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் அந்நோய் இருந்தது. ஆனால் தொழிற்சாலை என்ற சொல்லுக்குச் சட்டம் ஓர் அளவு வைத்தது. மின்விசையோடு இயங்கினால் 10 பேர், மின்விசை இல்லையானால் 20 பேர் வேலை செய்யும் இடமே அச்சட்டத்தின்படி தொழிற்சாலையாக இருந்தது. ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் மகனும் சாணை பிடித்தால் அந்த வீடு தொழிற்சாலை ஆகாது. ஆய்வாளர் வரவேண்டியதில்லை. கல் கொடுத்து மணி வாங்கும் வணிகர், சட்டத்தின் கண்ணில் முதலாளியும் ஆகமாட்டார். நோய் வந்தால் இழப்பீடு யாரிடம் கேட்பது? வேலை செய்ததற்கான தாளே இராது.

மருத்துவத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இருமல், மூச்சுத்திணறல், உடல் மெலிதல் ஆகியவை காசநோய்க்கும் உரியவை. வேலை என்னவென்று கேட்காமல் மருந்து கொடுத்தால், காசநோய் என்றே ஏட்டில் ஏறும். இறப்பும் அவ்வாறே பதிவாகும். அப்போது நோயாளி மட்டுமல்லாமல் நோயே கணக்கிலிருந்து மறைந்துபோகிறது.

குஜராத்தின் கோத்ரா பகுதியில் குவார்ட்சு அரைக்கும் ஆலைகளில் வேலை செய்து இறந்த மத்தியப் பிரதேசத்துப் பழங்குடித் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா ரூ. 3 லட்சம் வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். அங்கு ஆலை இருந்தது; குறைந்தது சுட்டிக்காட்டவாவது ஓரிடம் இருந்தது. வீட்டில் உடைத்தவருக்கு அதுவும் இல்லை. கம்பாத் அகேட் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. கல்லின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. அதைத் தேய்த்த நுரையீரலுக்கு அதே அளவு பாதுகாப்புக் கிடைக்கவில்லை.

1995இல் உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து, 2030க்குள் சிலிக்கோசிஸை உலகிலிருந்து ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கின. வீட்டுத் தொழிலைக் கணக்கில் சேர்க்காமல் இவ்விலக்கை எட்ட முடியாது.

பொழுதுபோக்கு உருளை

இதே வேலைக்கு மற்றொரு முகமும் உண்டு. 1891இல் அமெரிக்கர் எட்வர்டு அச்சிசன் சிலிக்கன் கார்பைடைச் செயற்கையாகத் தயாரித்தார். கார்போரண்டம் என்ற பெயரில் அது மலிவான தேய்ப்புப் பொடியாகப் பரவியது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிறிய மின்மோட்டார், ரப்பர் உருளை, இந்தப் பொடி ஆகிய மூன்றும் சேர்ந்து, கல்லை உருட்டி மெருகேற்றுவதை அமெரிக்க வீடுகளின் பொழுதுபோக்காக்கின. முரட்டுப் பொடி, நடுத்தரப் பொடி, நுண்பொடி, மெருகுப் பொடி என நான்கு கட்டங்கள். கட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு வாரம். இன்று நம் நாட்டிலும் பள்ளி மாணவர் சிலர் இதில் ஈடுபடுகின்றனர். அவர்களுக்கும் முதலில் எழும் கேள்வி, பெரிய கல்லை வீட்டில் எப்படி உடைப்பது என்பதே. கம்பாத் வரலாறு அதற்குத் தெளிவான விடை தருகிறது.

1. உடைக்கும் முன் கல்லை நனைக்க வேண்டும். தடித்த ஈரச்சாக்கில் சுற்றி, கெட்டியான தரையில் வைத்து, கனமான சிறு சம்மட்டியால் அடிக்க வேண்டும். சாக்கு சில்லையும் தூசியையும் தடுக்கும். ஆணி அடிக்கும் சுத்தியல் இதற்கு ஆகாது. அதன் தலையே உடைந்து தெறிக்கலாம்.

2. பாதுகாப்புக் கண்ணாடியும் கனத்த கையுறையும் கட்டாயம். அகேட் சில்லு கண்ணாடித் துண்டைப் போல வெட்டும். திறந்த வெளியில், பெரியவர் துணையோடு, சிறு பிள்ளைகளை அருகில் விடாமல் செய்ய வேண்டும்.

3. கல்லை நெருப்பிலிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பிளக்கக் கூடாது. கல் வெடிக்கும், வெடிக்காவிட்டாலும் உள்ளெங்கும் நுண்விரிசல் ஓடி மெருகுக்கு உதவாமல் போகும்.

4. உருளையின் உள்விட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட கல்லைப் போடக் கூடாது. விரிசலுள்ள துண்டுகளை நீக்கிவிட வேண்டும். ஒரே கடினத்தன்மை உள்ளவற்றைச் சேர்த்து, உருளையை மூன்றில் இரண்டு பங்கு நிரப்ப வேண்டும்.

5. உலர்ந்த கல்லைச் சாணையில் தேய்ப்பதோ அறுப்பதோ வேண்டாம். உடைத்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உருளையின் சேற்றைச் சாக்கடைக் குழாயில் ஊற்றினால் குழாயில் இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு, ஈரம் காயுமுன் மூடி அப்புறப்படுத்த வேண்டும்.

இவ்விதிகளில் பாதிக்கு மேல் நீரைப் பற்றியவை. தோல்பையை உருட்டிய பழைய கம்பாத் கைவினைஞர் நீரைப் பயன்படுத்தியது மெருகுக்காக. அதே நீர் அவரது மூச்சையும் காத்தது. வேகமும் துண்டுக் கூலியும் அந்நீரைச் சாணையிலிருந்து அகற்றியபோது, நாலாயிரம் ஆண்டுத் தொழில் வீட்டிலுள்ளோரைக் கொல்லும் தொழிலாயிற்று. பொழுதுபோக்காகச் செய்பவர் கண்ணாடியும் கையுறையும் வாங்கிக்கொள்வார், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவார். கூலிக்குச் செய்பவருக்கு அந்த இரண்டும் எட்டுவதில்லை. தூசி உறிஞ்சும் கருவியையும் ஈரச் சாணையையும் மருத்துவச் சோதனையையும் அவர் வீட்டு வாசல்வரை கொண்டுசேர்ப்பது, அம்மணியை விற்பவர், வாங்குபவர், அரசு ஆகிய மூவர் கடமை. மணியின் விலையைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.